பன்னிரண்டு வருஷமாக மூடும் கடை

நேலியாவுக்கு அரசாங்க ஆபீசில் இன்டர்ன்ஷிப் கிடைத்த செய்தி அவளுக்கே சரியாகப் புரிவதற்குள் அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் அவள் அப்பா துவார்த்தே ரெபெலோவின் வேலை. மரச்சாமான் கடை வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. வாங்க வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும்வரை அவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"என் பொண்ணு இப்ப கவர்மென்ட்ல இருக்கா. சட்டப் பிரிவுல," என்பார். "யாராவது உங்கள ஏமாத்தினா சும்மா விட்டுடாதீங்க. இந்த நம்பருக்குப் போடுங்க. அவதான் எடுப்பா."

அதோடு விடாமல் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியும் வைத்தார். பக்கத்தில் தூய ஆவியின் திருவிழாப் படம், அதற்குப் பக்கத்தில் நேலியாவின் பள்ளிக்கூட போட்டோ. மூன்றும் ஒரே வரிசையில் இருந்தன.

நேலியா இருந்தது சட்டப் பிரிவில்தான், பொய்யில்லை. மாநில அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவின் ஊர்க்கிளை அது. கோடை விடுமுறைக்கு இளங்கலை மாணவர்களை எடுப்பார்கள். சம்பளம் கிடையாது, பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கான மதிப்பெண் உண்டு. நன்றாக வேலை பார்த்தால், பின்னால் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு சிபாரிசுக் கடிதம். காதில் மைக் வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஏமாந்தவர்கள் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து, ஏமாற்றியதாகச் சொல்லப்படுகிறவர்களைக் கூப்பிட்டு அவர்கள் கதையையும் கேட்டு, இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு சமரசம் கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதல் நாள் காலையில் மேலதிகாரி மோரீன் பயிற்சி மாணவர்கள் எல்லோரையும் நிற்கவைத்து ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தாள். பிரார்த்தனை மாதிரி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள்: "நான் வக்கீல் இல்லை. உங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை." எந்தப் போனை எடுத்தாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் அது நேலியாவின் நாக்கில் தானாக ஓட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை அம்மா ஃபிலோமினா மீனை நீட்டி, "கெட்டுப்போச்சா, மோந்து பாரு" என்றபோது, "நான் வக்கீல் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் மோந்து பார்த்தாள்.

இந்த வேலைக்கென்றே பிறந்தவள் அவள். எட்டு வயதில், காலை உணவு டப்பாவுக்குள் பொம்மை இருக்கிறது என்று அட்டையில் போட்டிருந்து உள்ளே இல்லாமல் போனதற்குக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியவள். கம்பெனி மன்னிப்புக் கேட்டு ஒரு பெட்டி நிறைய டப்பாக்கள் அனுப்பியது. ஒவ்வொன்றுக்குள்ளும் பொம்மை இருந்தது. தின்ன வேண்டிய தானியமும் இருந்தது. வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது. ஒரு குளிர்காலம் முழுக்க அதையே தின்றார்கள். "இவ நியாயம் கேப்பா, நாம தின்னணும்," என்று ஃபிலோமினா இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

ஆபீசில் வந்த புகார்களும் விதவிதமாக இருந்தன. பேசும் என்று சொல்லி விற்ற கிளி பேசவில்லை என்றார் ஒருவர். ஜிம்மில் சேர்ந்த தம்பி செத்துப்போன பிறகும் மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. நிறுத்த வேண்டுமானால் சாவதற்கு முப்பது நாள் முன்னதாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். அப்பா செய்த விளம்பரத்தால் சொந்தக்காரர்களும் கூப்பிட்டார்கள். ஒரு மாமா தன் முடிதிருத்துகிறவர் மேல் வழக்குப் போட முடியுமா என்று கேட்டார். எல்லோருக்கும் நேலியா பொறுமையாக அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜூன் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை டோனா ஒலிந்தாவின் போன் வந்தது; டோனா என்பது ஊர் அவளுக்கு மரியாதையாகச் சேர்த்துச் சொல்லும் 'அம்மா'. அவள் திரைச்சீலை ஆலையில் தைத்து ஓய்வு பெற்றவள், மாதா கோயில் பாட்டுக் குழுவில் எல்லோரையும் விட ஒரு வரி முன்னால் பாடுகிறவள். குரலைக் கேட்டவுடனே நேலியாவுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் முறைப்படி ஆரம்பித்தாள்.

"நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு. நான் வக்கீல் இல்லை..."

"தெரியும் கண்ணு. வக்கீலா இருந்தா நான் போனே பண்ணியிருக்க மாட்டேன். காசு கேப்ப."

"என்ன புகார்ம்மா?"

"ஒரு மரச்சாமான் கடை. 'கடையை மூடுகிறோம், எல்லாம் தள்ளுபடி'ன்னு பெரிய பேனர் கட்டியிருக்காரு. பன்னெண்டு வருஷமா மூடறாரு. இன்னும் மூடி முடிக்கல."

நேலியாவின் விரல்கள் அப்படியே நின்றன. "கடை பேரு?" என்று கேட்க வேண்டும். கேட்டாள்.

"உன் சாவிக்கொத்தப் பாரு. அதுலயே உங்க கடை பேரு அடிச்சிருக்கும்."

"இந்த நம்பர் உங்களுக்கு எப்படி..."

"உங்க அப்பாதான் குடுத்தாரு. கல்லாவுக்கு மேல ஒட்டியிருக்காரே. யாராவது ஏமாத்தினா சும்மா விடாதீங்கன்னு அவரே சொன்னாரு. நல்ல மனுஷன், அதுல ஒண்ணும் கொறையில்ல."

பிறகு ஒலிந்தா நிதானமாகச் சொன்னாள். முதன்முதலாக அந்த பேனரைப் பார்த்த அன்று அவள் அழுதாள். இனிப்பு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். துவார்த்தேயும் அழுதார். கடைசியாக ஒரு உதவி என்று ஒரு கட்டில் வாங்கினாள். அடுத்த வருஷமும் கடை மூடுவதாக இருந்தது. இனி கிடைக்காது என்று சோபா வாங்கினாள். அப்புறம் சாப்பாட்டு மேஜை. அப்புறம் சாய்வு நாற்காலி, அதற்கு ஜோடியாக இன்னொன்று.

"வீட்டுல நடக்க எடமில்ல கண்ணு. பாத்ரூமுக்குப் போகணும்னா பக்கவாட்டுல போறேன். ஒவ்வொண்ணும் இதுதான் கடைசின்னு வாங்கினது."

"பணம் திரும்பி வேணுமாம்மா?"

"எதுக்கு? சோபா நல்ல சோபா."

"அப்ப என்ன வேணும்?"

"மூடணும்," என்றாள் ஒலிந்தா. "மூடறேன்னு சொன்னாருல்ல, சொன்னத செய்யணும். அதப் பாக்கறதுதானே உங்க ஆபீஸ் வேலை?"

போனை வைத்த பிறகு நேலியா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடித்தது பாதியில் நின்றது. ஒரு பொத்தானை அழுத்தினால் அழிந்துவிடும், யாருக்கும் தெரியாது.

அந்த பேனர் முதலில் பொய்யாகக் கட்டியது இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய கடை வந்து வியாபாரம் படுத்தபோது துவார்த்தே உண்மையாகவே மூடத்தான் கட்டினார். மூடுகிறார் என்றதும் ஊரே திரண்டு வந்து வாங்கியது. சரக்கு தீர்ந்துபோனது. மூடும் விற்பனையைத் தொடர்ந்து நடத்தச் சரக்கு வேண்டுமே என்று இன்னும் ஆர்டர் கொடுத்தார். அது அப்படியே பழகிவிட்டது. வீட்டுக் கூரை மாற்றியது, பழைய வேனைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுத்தது, நேலியாவின் படிப்புச் செலவு, எல்லாம் அந்த பேனரிலிருந்துதான். பேனர் போனால் கடை போகும். கடை போனால் அவள் படிப்பு பாதியில் நிற்கும்.

நேலியா அந்தப் பொத்தானை இன்னொரு தடவை பார்த்தாள். பொம்மைக்காகக் கடிதம் எழுதிய புத்தி எங்கே போகும். எழுந்துபோய் மோரீனிடம் சொல்லிவிட்டாள்.

மோரீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சொந்தக்காரங்க விவகாரம். நீ இதத் தொடக்கூடாது. திறந்தும் பாக்கக்கூடாது. ப்ரெண்டன் பாத்துப்பான். வீட்டுலயும் இதப் பத்திப் பேசக்கூடாது. முடியுமா?"

"முடியும்."

"உங்க வீட்டுல எத்தன பேரு?"

"மூணு பேரு."

"எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவீங்களா?"

"ஆமாம்."

"கஷ்டம்," என்றாள் மோரீன்.

ப்ரெண்டன் அடுத்த மேஜைக்காரன், நேலியாவின் வகுப்புத் தோழன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு வந்து கீரை சூப் குடிப்பவன். சூப்பில் கிடக்கும் சொரிசோ என்ற பன்றி இறைச்சித் துண்டுகளை மட்டும் அவன் கடைசிக்கு ஒதுக்கி வைப்பதைப் பார்த்து, பொறுமையான பையன் என்று ஃபிலோமினா மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். விவகாரம் முடியும்வரை அந்த வீட்டில் சூப் குடிக்கக்கூடாது என்று மோரீன் சொன்னபோது அவன் முகம் வாடிப்போயிற்று.

அன்று இரவு சாப்பாட்டில் துவார்த்தே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னிக்கு சூப் பையன் கடைக்குப் போன் பண்ணினான். மிஸ்டர் ரெபெலோ, நான் வக்கீல் இல்லைங்கறான். எனக்குத் தெரியாதா? மூணாவது தடவையா கிண்ணத்த நீட்டறவன் எங்கயாவது வக்கீலா இருப்பானா?"

"எதுக்குப் பண்ணினான்?" என்றாள் ஃபிலோமினா.

"ஒலிந்தா என் மேல புகார் குடுத்திருக்கா. நான் கடைய மூடலையாம். நான் சொன்னேன், தம்பி, மூடிக்கிட்டுத்தான் இருக்கேன், மெதுவா மூடறேன்னு."

"அப்பா, இதப் பத்தி நான் பேசக்கூடாது," என்றாள் நேலியா.

"நான் இதப் பத்திக் கேக்கவே இல்லையே. பொதுவா கேக்கறேன். ஒருத்தன் இருக்கான். கட்டில் விக்கறான்."

"அப்பா."

"இங்க இல்ல, வேற ஊருல. ஒவ்வொரு ஜனவரியும் இந்த வருஷம் மூடிடணும்னு மனசார நெனைக்கறான். மனசுல நெனச்சா அது பொய்யா?"

"வேற ஊர்க்காரனுக்கும் நான் ஆலோசனை சொல்லக்கூடாது."

துவார்த்தே மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? ஊருக்கெல்லாம் இவ நம்பர் குடுத்தேன். என் கேள்விக்குப் பதில் இல்ல."

"ஒலிந்தா முந்திக்கிட்டா," என்றாள் ஃபிலோமினா, தட்டை எடுத்துக்கொண்டே. "இல்லேன்னா நானே குடுத்திருப்பேன்."

அது சும்மா சொன்னது இல்லை. கடையை மூடியதும் போர்ச்சுகலில் அவள் பிறந்த சாவ் மிகேல் தீவுக்குப் போய் அவள் அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று துவார்த்தே வாக்குக் கொடுத்திருந்தார். பேனர் கட்டிய வாரமே அவள் பெரிய பெட்டி ஒன்று வாங்கிவிட்டாள். அதில் இப்போது கம்பளிகள் இருந்தன. விலைச்சீட்டு இன்னும் கைப்பிடியில் தொங்கியது.

ப்ரெண்டன் விடவில்லை. தினமும் கடைக்குப் போன் போட்டான். துவார்த்தே ஒரு நாள் காது கேட்கவில்லை என்றார். ஒரு நாள் ஆங்கிலம் வராது என்றார், அதை நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். கடைசியில் இரண்டு வழி என்று ஆயிற்று. தேதி போட்டு அன்றைக்கு மூட வேண்டும், இல்லாவிட்டால் பேனரை அவிழ்க்க வேண்டும். மூட அவருக்கு மனசு வரவில்லை. அவிழ்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஏணி வைத்து ஏறினார். அப்பாவுக்கு ஏணி பிடிக்கலாமா என்று நேலியா முன்கூட்டியே மோரீனிடம் கேட்டு வைத்திருந்தாள். ஏணி பிடிப்பது சட்ட ஆலோசனையில் வராது என்று மோரீன் சொல்லியிருந்தாள். பேனர் விழுந்ததும் பின்னாலிருந்த செங்கல் சுவர், வெயில் படாத தோல் மாதிரி வெளுத்துத் தெரிந்தது. துவார்த்தே கீழே இறங்கி அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடைக்குத் துணி அவிழ்ந்த மாதிரி இருக்கு," என்றார்.

அந்த வாரம் ஒருவரும் வாங்க வரவில்லை. நேலியா பயந்தது அதைத்தான். ஆனால் அதற்குக் காரணம் அவள் நினைத்தது இல்லை.

திங்கட்கிழமை காலை கடைவாசலில் துணி சுற்றிய இனிப்பு ரொட்டி ஒன்று இருந்தது. செவ்வாயன்று இரண்டு. புதன்கிழமை கோயில் பாதிரியார் வந்து துவார்த்தேயின் தோளைப் பிடித்து, "எல்லாத்துக்கும் ஒரு முடிவு இருக்கில்லையா, துவார்த்தே" என்றார். அப்போதுதான் துவார்த்தேக்கு விளங்கியது. மூடுகிறோம் என்று தொங்குகிறவரை கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் ஊர் அப்படித்தான் படித்துப் பழகியிருந்தது. பேனர் இல்லை என்றால் மூடிவிட்டார் என்று அர்த்தம். கதவு திறந்திருந்தும், உள்ளே விளக்கு எரிந்தும், அவரே வாசலில் நின்று கையாட்டியும் பிரயோஜனம் இல்லை. பாவம், விட்டுப் பிரிய மனசில்லாமல் நிற்கிறார் என்று எதிர்ச்சாரியில் போகிறவர்கள் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே வந்த ஒன்றிரண்டு பேரும் துக்கம் கேட்டுவிட்டு, சோபா பக்கம் திரும்பாமல் வெளியேறினார்கள்.

வியாழக்கிழமை ஆபீசில் ப்ரெண்டன் மைக்கைக் கழற்றிவிட்டு நேலியாவைப் பார்த்தான்.

"நான் உன்கிட்ட சொல்லக்கூடாது," என்றான்.

"அப்ப சொல்லாத."

"சரி. சொல்லல." மைக் வயரை விரலில் சுற்றினான். "ஆனா ஒரு ஊருல ஒரு கடை."

மோரீன் அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் புதிய புகார்கள். துவார்த்தே கடையில் முன்பணம் கட்டிவிட்டுக் கட்டில் வருவதற்குக் காத்திருந்தவர்கள், கடைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டார் என்று வரிசையாகக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் நம்பரைக் கல்லாவுக்கு மேலேயிருந்து குறித்துக்கொண்டவர்கள்.

"போன மாசம் மூடலைன்னு புகார். இந்த மாசம் மூடிட்டாருன்னு புகார்," என்றாள் மோரீன். "ஒரே கடை. நேலியா, உங்க அப்பாவ எனக்கு நேர்ல பாக்கணும்போல இருக்கு. ஆனா பாக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துவார்த்தே சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணியை விரித்துச் சிவப்பு மையும் தூரிகையுமாக உட்கார்ந்தார். பெரிய எழுத்தில் எழுதினார்: 'கடையை மூடவில்லை.' எழுதிவிட்டு மகளைப் பார்த்தார்.

"இது உண்மைதானே? இதுல யாரும் குத்தம் சொல்ல முடியாதே?"

நேலியா வாயைத் திறந்தாள்.

"தெரியும், நீ வக்கீல் இல்ல," என்றார்.

ஃபிலோமினா சூப் கரண்டியோடு வந்து தோளுக்கு மேலாகப் படித்தாள். கரண்டியைத் துணிக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே போனாள். அந்தப் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் திறந்து, கம்பளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துவார்த்தேயின் மடியில் போட ஆரம்பித்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"மூடவில்லையா? நல்லா எழுதுங்க. இவ்ளோ வருஷமா வாயால சொன்னீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியல. இப்ப மூடப் போறதில்லன்னு துணியில எழுதிட்டீங்க. நாளைக்குக் காலையில நானும் போன் பண்றேன். நம்பருக்காக நான் கடைக்குக்கூட வர வேண்டாம், எடுக்கறவளப் பெத்ததே நான்தான்."

"ஃபிலோமினா, வியாபாரம் இருக்கற நெலமையில..."

"எங்க அக்கா வருஷாவருஷம் எனக்குன்னு மெத்தைய வெயில்ல போட்டு எடுத்து வைக்கறா. பன்னெண்டு தடவ போட்டுட்டா. அவ யார்கிட்ட புகார் குடுப்பா?"

துவார்த்தே மடியில் கம்பளி மலையோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் வியர்வை. உதவிக்கு மகளைப் பார்த்தார்.

"அப்பா," என்றாள் நேலியா, "அம்மா சொல்றதக் கேளுங்க. இது சட்ட ஆலோசனை இல்ல."

அவர் துணியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தூரிகையை மையில் தோய்த்துக் கீழே இன்னொரு வரி சேர்த்தார். 'ஆகஸ்ட் மாதம் மட்டும் மூடுகிறோம். செப்டம்பரில் திறப்போம்.' முன்பணம் கட்டியவர்களின் கட்டில்களைத் தானே வேன் ஓட்டிப்போய் இறக்கிவிட்டு வந்தார். அவரை வாசலில் பார்த்தவர்களில் பாதிப் பேர் பேயைப் பார்த்த மாதிரி பார்த்தார்கள்.

புது பேனர் ஏறியதும் ஊர் பழைய பாஷையில் படித்தது. மூடுகிறோம் என்று இருக்கிறது, ஆகவே திறந்திருக்கிறது. கூட்டம் வந்தது. ஆகஸ்டுக்குள் வாங்க வேண்டுமே என்று அவசரமும் வந்தது. ஜூலைக் கடைசி வாரம் துவார்த்தேயின் கண்ணில் பழைய பளபளப்பு தெரிந்தது. ஒரு ராத்திரி சூப்பை ஆற்றிக்கொண்டே, "இப்பதான் சூடு பிடிச்சிருக்கு. ஆகஸ்ட் பத்து வரைக்கும் மட்டும் திறந்து வெச்சா..." என்று இழுத்தார்.

ஃபிலோமினா தலையைக் கூடத் தூக்கவில்லை. "ஒலிந்தா பெட்டி கட்ட ஒத்தாசைக்கு வரேன்னிருக்கா," என்றாள்.

துவார்த்தே மிச்ச சூப்பைச் சத்தமில்லாமல் குடித்தார்.

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை. நேலியாவுக்கு அது கடைசி வாரம். சிபாரிசுக் கடிதத்தை மோரீன் எழுதிக்கொண்டிருந்தாள். கதவு வழியாக இரண்டு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. போன் அடித்தது.

"நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு. நான் வக்கீல்..."

"கண்ணு, நான்தான். கடை வாசல்ல நிக்கறேன். பூட்டியிருக்கு. ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டேன், நல்லாவே பூட்டியிருக்கு."

"அம்மா, இத நான் கேக்கக்கூடாது. ப்ரெண்டனுக்கு மாத்தறேன்."

"மாத்து, மாத்து. எனக்குத் திருப்திதான்னு அவன்கிட்ட சொல்றேன். ஒரு மனுஷன் சொன்னபடி மூடியிருக்கறதப் பாக்க எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா." கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்ப்பது போல மூச்சுச் சத்தம் வந்தது. "அந்தப் பச்ச சோபா இன்னும் போகல போல. செப்டம்பர்ல கண்டிப்பா திறக்கறாரா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"எழுதியிருக்கறது எனக்கும் தெரியுது. திறக்கலேன்னா மறுபடி போன் பண்ணுவேன்."

"அப்ப நான் இங்க இருக்க மாட்டேன்மா. காலேஜ் திறந்துடும்."

"பரவால்ல. நம்பர் இன்னும் கல்லாவுக்கு மேலதான் இருக்கு. இங்கேருந்தே நல்லாத் தெரியுது."

நேலியா லைனை மாற்றினாள். அடுத்த மேஜையில் ப்ரெண்டன் மைக்கைச் சரிசெய்துகொண்டு, "நான் வக்கீல் இல்லை" என்று ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை சூப்புக்கு வரலாமா என்று விரலால் கேட்டான். அம்மாவும் அப்பாவும் தீவுக்குப் போய்விட்டார்கள், சூப் கிடையாது, ஃப்ரீசரில் இனிப்பு ரொட்டிதான் நிறைய இருக்கிறது என்று அவளும் விரலாலேயே சொல்லப் பார்த்தாள். அவனுக்குப் புரியவில்லை.